மடல் புறப்படும் வாயில்



தெருமுனையில் நிற்கும் செந்நிற அஞ்சற்பெட்டியை அறியாதார் இலர். எவ்வூரிலும், எவரும், எவருக்கு எழுதிய கடிதத்தையும் அதில் இடலாம். இடுபவர் யார் என்று அப்பெட்டி வினவுவதில்லை. மின்னஞ்சலும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது. இன்றோ அது, "நீ யார்?" என்று முதலில் கேட்கிறது. இம்மாறுதல் நேர்ந்த வரலாற்றை நான் அறிய நேர்ந்தது ஓர் இக்கட்டினால்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன், மேற்படிப்பின் பொருட்டு என்னிடம் நற்சான்று வேண்டினான். அப்போது நான் மகள் வீட்டில் இருந்தேன். மடிக்கணினியில் கடிதத்தை எழுதி அனுப்ப முயன்றேன். எனக்கு வரவேண்டிய அஞ்சல்கள் தடையின்றி வந்தன. என் கடிதம் மட்டும் புறப்பட மறுத்தது. விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் மறுநாள்! என் வீட்டில் குறையின்றி இயங்கிய அமைப்பு, வேறொரு வலைப்பின்னலில் ஏன் பயனற்றுப் போயிற்று?

1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஆர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னலின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். 1982 ஆகஸ்டில் ஜொனாதன் போஸ்டல், மடல் அனுப்பும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்னும் விதிகளை வகுத்து வெளியிட்டார். அம்முறைக்கு உரிய வாயில் 25-ஆம் எண்ணுடைய 'போர்ட்'. மடலைப் படிக்க விரும்புவோர் கடவுச்சொல் கூறவேண்டும். அனுப்புவோர் எதுவும் கூறவேண்டுவதில்லை. ஓர் அஞ்சல் சர்வர், முன்பின் அறியாதார் தரும் மடலையும் வாங்கி அடுத்த சர்வருக்குக் கடத்தும். அன்றைய வலைப்பின்னலில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளருமே. ஆகவே, இவ்வுதவி நல்லொழுக்கமாகவே கருதப்பெற்றது.

ஆயினும் எச்சரிக்கை முன்னரே தோன்றிவிட்டது. 1978 மே மாதத்தில், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பிப் பலருடைய சினத்திற்கு ஆளானார். 1990-களில் இணையம் வணிகத்திற்குத் திறக்கப்பட்டதும் இத்தொல்லை வெள்ளமாயிற்று. இங்கே ஒன்றைச் சிந்தியுங்கள். அஞ்சற்பெட்டி எவரையும் வினவாமல் இருக்கக் காரணம், உறையின் மேல் ஒட்டிய தபால்தலை. ஆயிரம் கடிதம் அனுப்புவோன் ஆயிரம் தலைக்கு விலை கொடுக்கவேண்டும். மின்மடலுக்கோ தபால்தலை இல்லை. அன்னியருடைய சர்வரைப் பயன்படுத்துவோனுக்குச் செலவும் இல்லை. அவன் முகவரியும் மறைந்துவிடும்.

ஆகவே சர்வர்களின் பொறுப்பாளர்கள் கதவை அடைத்தனர். தம் வலைப்பின்னலுக்குள் இருப்போர் தரும் மடலை மட்டுமே வெளியூருக்குக் கடத்துவோம் என்றனர். வலைப்பின்னல் நிறுவனங்கள் பலவும், வீட்டுக் கணினிகள் 25-ஆம் வாயில் வழியே வெளியே செல்வதைத் தடுத்தன. கயவனுக்கு இட்ட தாழ், மடிக்கணினியோடு பயணம் செய்த நல்லவனையும் வெளியே நிறுத்தியது. அவன் ஊருக்கு ஊர் 'வெளிச்செல்லும் சர்வர்' என்னும் அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியதாயிற்று.

இதற்குத் தீர்வு 1998 டிசம்பரில் பிறந்தது. ராண்டல் கெல்லன்ஸ், ஜான் க்ளென்சின் ஆகிய இருவரும், மடலை எழுதியவன் அதை ஒப்படைப்பது வேறு, சர்வர்கள் தமக்குள் கடத்திக்கொள்வது வேறு என்று பிரித்தனர். ஒப்படைப்பதற்கு 587 என்னும் தனி வாயில் குறிக்கப்பட்டது. 1999 மார்ச்சில், அனுப்புவோன் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டித் தன்னை மெய்ப்பிக்கும் முறையும் விதியாயிற்று. அதன் பின், "எங்கிருந்து வருகிறாய்?" என்னும் கேள்வி போய், "நீ யார்?" என்னும் கேள்வி வந்தது. 2018-இல் வெளியான பரிந்துரை, இவ்வுரையாடல் முழுவதும் மறையாக்கம் பெறவேண்டும் என்று கூறி, தொடக்கம் முதலே மறையாக்கம் உடைய 465-ஆம் வாயிலை விரும்பத்தக்கதாகக் காட்டிற்று.

என் கணினியில் இருந்தது பழைய அமைப்பு: 25-ஆம் வாயில், கடவுச்சொல் இல்லை. என் வீட்டு வலைப்பின்னலுக்குள் இருந்தவரை இடத்தைக் கொண்டே என்னை நம்பினர். வெளியே வந்ததும் நான் அன்னியன் ஆனேன். 587 என்று மாற்றி, பெயரும் கடவுச்சொல்லும் தந்தேன். இரவு விளக்கணைக்கும் முன் நற்சான்று புறப்பட்டுவிட்டது. அதன் பின் எவ்வூர் சென்றும் நான் அவ்வமைப்பைத் தொட நேரவில்லை.

திறந்த கதவை மூடச் செய்தவர் சிலரே. தாழின் சுமையைத் தாங்குவோர் நாம் அனைவரும். பொது நம்பிக்கையைக் கெடுப்பவன் செய்யும் தீங்கு அவனோடு நிற்பதில்லை. கடவுச்சொல்லைத் தட்டும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது இதுவே.