சட்டமும் காவலும்: காவல்துறைத் திரைப்படத் தலைப்புகளின் மொழிபெயர்ப்பு வரலாறு (1968–1973)

1. முன்னுரை

விதிகளை மீறியேனும் குற்றவாளியைப் பிடிக்க முனையும் துப்பறிவாளர், நகரத் தெருக்களில் நிகழும் கார்த் துரத்தல் ஆகிய இரண்டையும் கூறுகளாகக் கொண்ட காவல்துறைத் திரைப்படங்கள் அமெரிக்காவில் 1968 முதல் தனி வகையாக உருப்பெற்றன. இவை பிற மொழிகளுக்குச் சென்றபோது பெற்ற தலைப்புகள் மொழிபெயர்ப்பியலார் கருதத்தக்க சான்றுகளாகும். காவலர் சட்டத்தின் உறுப்பா, சட்டத்திற்குப் புறம்பானவரா என்னும் வினாவிற்கு அத்தலைப்புகள் வெவ்வேறு விடை கூறுகின்றன. அவ்விடைகளை ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வகையின் தோற்றம்

1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்ட ஹாலிவுட் தயாரிப்பு நெறித்தொகுப்பு, சட்டத்தை இழிவுபடுத்துவதையும் அதனை மீறுவோர்பால் பரிவு தோன்றக் காட்டுவதையும் தடைசெய்திருந்தது. 1968 நவம்பரில் அதன் இடத்தைத் தரப்பிரிப்பு முறை பெற்றது. இதற்குச் சற்று முன்னர், எஸ்கோபீடோ (1964), மிரான்டா (1966) ஆகிய வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காவலில் விசாரிக்கப்படுவோரின் உரிமைகளை வலியுறுத்தியது. திரைக்கான விதி தளர்ந்ததும் காவலருக்கான விதி இறுகியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இவ்வகைக்கு அதுவே களமாயிற்று.

பீட்டர் யேட்ஸ் இயக்கிய ‘புல்லிட்’ (1968) படத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மேடுபள்ளமான தெருக்களில் நிகழும் துரத்தல் பதினோரு நிமிடத்திற்குச் சற்றே குறைவாக நீள்கிறது. வேகம் கூடியதும் இசை நின்றுவிடுகிறது, உரையாடலும் இல்லை, எஞ்சின் ஒலி மட்டுமே எஞ்சுகிறது. அங்கு மொழிபெயர்ப்பதற்கு ஒன்றுமில்லை. இவ்வகை மொழியெல்லைகளை எளிதில் கடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1971இல் இரு படங்கள் வெளிவந்தன. வில்லியம் பிரீட்கின் இயக்கிய ‘தி பிரெஞ்சு கனெக்‌ஷன்’, நியூயார்க்கில் நிகழ்ந்த உண்மையான போதைப்பொருள் வழக்கைத் தழுவியது. அதில் துப்பறிவாளர் டாயில், உயர்பாலத்தில் ஓடும் ரயிலைக் கீழே காரில் துரத்துகிறார். இறுதியில் அவர் கூட்டரசு அதிகாரி ஒருவரையே தவறுதலாகச் சுட்டுக்கொல்கிறார். தலைமைக் குற்றவாளியோ தப்பிவிடுகிறான். டான் சீகல் இயக்கிய ‘டர்ட்டி ஹாரி’யில், கொலைகாரனைத் துன்புறுத்திப் பெற்ற சான்றுகள் செல்லா என்று அரசு வழக்கறிஞர் மேற்கூறிய இரு வழக்குகளையும் சுட்டி உரைக்கிறார். முடிவில் ஹாரி அவனைச் சுட்டுக்கொன்று, தம் காவலர் சின்னத்தை நீரில் எறிந்துவிடுகிறார். முன்னதில் விதிமீறல் பயனளிக்கவில்லை. பின்னதில் பயனளிக்கிறது, ஆயின் பதவியை விலையாகக் கொள்கிறது.

3. தலைப்புகள் கூறும் விடை

‘கனெக்‌ஷன்’ என்னும் சொல் போதைப்பொருள் வணிகத்தில் சரக்கு கிடைக்கும் வழியையும் ஆளையும் குறிப்பது. இதற்கு நேர்ச்சொல் தேடாமல், ஜெர்மன் தலைப்பு ‘குவிமையம் புரூக்ளின்’ என்னும் பொருள்பட இடத்தை முன்னிறுத்தியது. இத்தாலியத் தலைப்பின் பொருள் ‘சட்டத்தின் வன்கரம்’ என்பதாகும். இங்குக் காவலர் சட்டத்தின் உறுப்பு. அவர் வன்முறை சட்டத்தின் வன்முறையே. ஆனால் 1973இல் என்ஸோ காஸ்தெல்லாரி இயக்கிய இத்தாலியப் படத்தின் தலைப்பு, ‘காவல்துறை குற்றஞ்சாட்டுகிறது, சட்டம் விடுவிக்கிறது’ என்னும் பொருளது. முன்பு உடலும் கையுமாக இருந்தவை இங்கு எதிரெதிர் எழுவாய்களாக நிற்பது குறிப்பிடத்தக்கது.

‘டர்ட்டி ஹாரி’ ஸ்பானிய மொழியில் ‘அழுக்கு ஹாரி’ என நேராகவே பெயர்க்கப்பட்டது. பிரெஞ்சில் அது ‘இன்ஸ்பெக்டர் ஹாரி’ ஆயிற்று. பழிச்சொல் நீங்கிப் பதவிப்பெயர் அவ்விடத்தில் அமர்ந்தது. மூலத்தில் அவ்வடைமொழிக்குப் பல விளக்கங்கள் தரப்படுகின்றன. பிறர் தொடத் தயங்கும் வேலைகள் தமக்கே வருவதால் அப்பெயர் என்கிறார் ஹாரி. ‘அழுக்கு’ ஆளைச் சார்ந்ததா, தொழிலைச் சார்ந்ததா என்பதை மூலம் முடிவு செய்யாமல் விடுகிறது.

4. தமிழாக்கம் குறித்து

தமிழில் ‘கறைபடிந்த’ என்றால் கையூட்டு நினைவுக்கு வரும். ஹாரி கையூட்டுப் பெறுபவர் அல்லர். ‘முரட்டு’ என்றால் பழி மறைந்து வீரம் மிகும். ‘அழுக்கு’ என்பதே இருபொருளையும் ஓரளவு தாங்குகிறது.

பதவிப்பெயர்களிலும் இடர் உண்டு. சான் பிரான்சிஸ்கோ காவல்துறையில் ‘இன்ஸ்பெக்டர்’ என்பது அக்காலத்தில் துப்பறிவாளர் நிலையாக இருந்தது. அதனை ‘ஆய்வாளர்’ என்று பெயர்த்தால், காவல் நிலையத்திற்குப் பொறுப்பானவர் தமிழ் வாசகர் மனத்தில் தோன்றுவார். புல்லிட்டின் ‘லெப்டினன்ட்’ பதவியோ நம்மிடையே இராணுவத்தையே சுட்டும். இவ்விடங்களில் சொல்லைக் காட்டிலும் பணியைப் பெயர்ப்பதே தகும்.

5. முடிவுரை

விதிமீறும் காவலரைப் பற்றிய தீர்ப்பை மூலப்படங்கள் பெரும்பாலும் பார்வையாளரிடமே விட்டன. தலைப்பை மொழிபெயர்த்தோர் ஒற்றை அடைமொழியால் அத்தீர்ப்பை முன்கூட்டியே வழங்கிவிட்டதும் உண்டு. மூலம் திறந்து வைத்த வினாவை மூடாதிருப்பதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.