மூடிய பெட்டியும் திறந்த பெட்டியும்

லியோனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது பேரன் தன் பழைய கணினியில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். "தாத்தா, இதெல்லாம் நான் தேடிப்போகும் பெட்டிகள்" என்றான்.

இந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். 2000 மே 1 வரை, பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிக்கு வரும் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. இடம் நூறு மீட்டர் வரை தப்பும். அதிபர் கிளின்டன் அதை நீக்கச் சொன்னார். மே 3 அன்றே ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். தொடக்கம் அதுதான்.

பிறகு கார்மின் கருவிகளில் இதற்கென்றே இரண்டு சின்னங்கள் வந்தன. மூடிய பெட்டி என்றால் இனித் தேட வேண்டியது. திறந்த பெட்டி என்றால் கண்டெடுத்தது. ஆனால் புதிர்ப் பெட்டி, பல கட்டமாகத் தேடும் பெட்டி எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தால் என்ன செய்வது? மேப்சோர்ஸ் மென்பொருளில் நாமே படம் வரைந்து 000, 001 என்று எண்ணிட்டு அதற்குரிய கோப்புறையில் வைக்கலாம். பின்னணிக்கு மெஜந்தா நிறம் தீட்டினால் அது திரையில் மறைந்து படம் மட்டும் நிற்கும்.

பேரன் ஒரு குடை வரைந்திருந்தான். முழங்கால் வலியுள்ள பாட்டியும் நடந்து வரக்கூடிய இடங்களுக்கு அந்தக் குடை! ஆனால் பட்டியலை நண்பனுக்கு அனுப்பியபோது குடை போகவில்லை. எண் மட்டுமே போனது. அங்கே அந்த எண்ணில் வேறு படம் இருந்தது.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் காட்டிய கசினி வரைபடம் எனக்கு நினைவு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் முழுவதையும் முக்கோண அளவை முறையில் அளந்து வரைந்தது. காற்றாலைக்கு ஒரு சின்னம், நீராலைக்குச் சிறு சக்கரம். அந்தச் சின்னங்களின் பொருள் நமக்குத் தெரியும். அதனால்தான் இன்றும் அதைப் படிக்க முடிகிறது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மூத்த எழுத்தர் ஒருவர் பதிவேட்டின் ஓரத்தில் நீலம், சிவப்பு என்று பென்சிலால் குறி போடுவார். அவர் காலமான பின் அவற்றின் பொருள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு விதவையின் ஓய்வூதியக் கோப்பு அதனால் ஆறு மாதம் அலைந்தது. தினமும் வந்து நின்ற அந்த அம்மாளின் முகத்தை நான் மறக்கவில்லை.

பேரனிடம் இதைச் சொன்னேன். ஒரு தாளை எடுத்து முதல் வரியில், "குடை: பாட்டி வரலாம்" என்று எழுதினான்.