ரன்வேயில ஓடின ரேஸ்: சோழவரத்தின் கதை

வானூர்ப் பக்கம் ஈசிஆர்ல பைக்கை முறுக்கிட்டுப் பறக்குற பசங்களைப் பார்த்திருப்பீங்க. அந்த வேகத்துக்கு ஒரு காலத்துல தனி இடம் இருந்துச்சு: சென்னைக்கு வடக்கே சோழவரம்.

அது இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். போர் முடிஞ்சதும் அங்கே கார்கள் ஓட ஆரம்பிச்சது. பந்தயங்களை நடத்தினது 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்.

அமெரிக்காவுல 1948-ல் நாஸ்கார் ஆரம்பிச்சப்போ, ஷோரூம்ல விக்கிற சாதாரண கார்தான் 'ஸ்டாக் கார்'. டேடோனாவுல 1958 வரைக்கும் கடற்கரை மணல்லயே ஓட்டினாங்க. புகழ்பெற்ற 500 மைல் பந்தயம் 1959-ல்தான் வந்துச்சு.

நம்ம ஊர்லயும் சாதாரண கார்தான். ஆனா காரணம் வேற. வெளிநாட்டு வண்டியை இறக்குமதி பண்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதனால அம்பாசடர், ஃபியட், ஹெரால்டுன்னு வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியோட இன்ஜினைப் பிரிச்சு மேய்ஞ்சு, ரேஸ் வண்டியாக்கினாங்க. ஓட்டுறவர் அளவுக்கு மெக்கானிக்கும் ஹீரோ!

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில நிரந்தர டிராக் வந்துச்சு. சோழவரம் பழங்கதை ஆச்சு.

டிராக்ல கொடி காட்ட ஆள் இருக்கு, ஆம்புலன்ஸ் இருக்கு. எதிர்ல யாரும் வரமாட்டாங்க. ஈசிஆர்ல எதிர்ல வர்றது மீன்கூடையோட ஒரு அக்காவா இருக்கலாம். வேகம் தப்பில்ல மக்களே, இடம்தான் முக்கியம்.