பெயர் மாறலாம், முகவரி மாறலாமா? - சுட்டிகளின் சின்ன வரலாறு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் 1990ல் இயங்கிக்கொண்டிருந்த ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அன்று அது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துப் பெருநகரம் மெட்ராஸ். சரக்கு போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை 5. 1996ல் மெட்ராஸ் சென்னை ஆனது. 1997ல் மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் பிறந்தது. 2010ல் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் வந்தபோது 5 என்பது 16 ஆனது. ஆலை மட்டும் ஓரடி கூட நகரவில்லை!

பழைய விலாசத்தோடு ஒரு கடிதமோ லாரியோ வந்தாலும் போய்ச் சேர்ந்துவிடும். தபால்காரருக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும். இணையத்தில் அப்படி வழி சொல்ல ஆள் இல்லை. பக்கத்தை இடம் மாற்றியவர் ஏற்பாடு செய்யாவிட்டால் 404தான்.

இது வலையின் பிறவிக்குணம். ஒரு பக்கத்துக்குச் சுட்டி கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதனால்தான் வலை இவ்வளவு வேகமாகப் பரவியது. ஆனால் தன் பக்கத்துக்கு யார் யார் சுட்டி கொடுத்திருக்கிறார்கள் என்பது அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறக்கூடாது என்று 1998லேயே எழுதினார். கேட்டவர்கள் குறைவு. 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் அதோடு போயின. 2013ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் 2023ல் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024ல் சொன்னது.

கதைப் பக்கம் தொலைந்தால் வருத்தம். கையேட்டுப் பக்கம் தொலைந்தால் வேலை நின்றுவிடும். மேகக்கணினி அடையாள மேலாண்மையை எடுத்துக்கொள்வோம். மின்னஞ்சல், சம்பளப் பட்டியல், கிடங்குக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஊழியர் ஒரே கணக்கில் நுழைகிறார். அவர் யார், எதைத் திறக்கலாம் என்று சரிபார்ப்பது அந்தச் சேவை. அது மறுத்தால் மொத்த ஷிப்டும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இத்துறையில் பெரிய பெயர் மைக்ரோசாஃப்டின் அசூர் ஆக்டிவ் டைரக்டரி. 2013ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. மைக்ரோசாஃப்டின் தொழில்நுட்ப ஆவணங்கள் டெக்நெட், எம்எஸ்டிஎன் தளங்களில் இருந்தன. 2016ல் 'டாக்ஸ்' என்ற புதுத் தளம் தொடங்கியது. 2022ல் அது 'லேர்ன்' தளத்துக்குள் போனது. 2023 ஜூலையில் சேவையின் பெயரே மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி என்று மாறியது. ஆவணங்களும் புது முகவரிக்குக் குடிபெயர்ந்தன.

குழப்பத்தைக் குறைத்தது திசைமாற்றம். பழைய முகவரியைக் கேட்டால், வழங்கி 301 என்ற குறியீட்டோடு புது முகவரியைச் சொல்லும். மைக்ரோசாஃப்டின் ஆவணக் களஞ்சியங்களில் இதற்கென்றே ஒரு கோப்பு உண்டு. பழைய இடம், புது இடம் என்று வரிவரியாகப் போகும். இணையத்தின் தபால்காரர் அந்தக் கோப்புதான்.

ஆனால் எல்லாத் திசைமாற்றமும் உதவாது. நிர்வாகியின் கைப்பேசி தொலைந்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு முடியாமல் தவிக்கும்போது சுட்டி முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன பயன்? அதைவிட மோசம், காலாவதியான தளப்பெயரை வேறு யாராவது வாங்கிவிடுவது. கையேட்டை நம்பிச் சொடுக்குபவர் போலி நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடலாம்.

கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. பெயர் மாறினாலும் உள்நுழைவு முகவரிகளும் ஏபிஐகளும் மாறாது என்று மைக்ரோசாஃப்ட் அப்போதே அறிவித்தது. எத்தனையோ செயலிகளின் நிரலில் அவை எழுதப்பட்டிருக்கின்றன. மனிதன் 404ஐப் பார்த்தால் தேடுபொறிக்குப் போவான். நிரல் அப்படியே நின்றுவிடும்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் யாரோ எழுதிவைத்த உள்கையேடு ஒன்று இருக்கும். அதிலுள்ள சுட்டிகளைச் சில மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது, சுட்டியின் பக்கத்தில் கட்டுரைத் தலைப்பையும் பார்த்த தேதியையும் குறிப்பது, முக்கியமான பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமிப்பது... இவை அரைநாள் வேலை. கணக்கு பூட்டிக்கொண்ட இரவில் இதைச் செய்ய நேரம் இருக்காது.