கொடாக்ரோம் காரைக்காலுக்கு வந்த வழி

கொடாக்ரோம் பிலிமைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு இசைக்கலைஞர்கள். லியோபோல்ட் மேன்ஸ் பியானோ வாசிப்பவர், லியோபோல்ட் கோடௌஸ்கி வயலின். இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாதே; பிராம்ஸின் இசையை விசிலடித்து, தாளத்தை வைத்தே நேரம் கணக்கிட்டார்கள் என்பார்கள். 1935ல் கோடாக் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பிலிமுக்குள் நிறம் கிடையாது. உள்ளே இருப்பவை மூன்று கறுப்பு வெள்ளைப் படலங்கள். நிறச்சாயம் முழுக்கக் கழுவும்போதுதான் ஏறும். அந்த வேலை ஊர் ஸ்டுடியோக்காரர் கைக்கு அடங்காது. அப்போது ஐரோப்பாவில் சுருளை விற்கும்போதே கழுவும் கூலியையும் விலையில் சேர்த்துவிடுவார்கள். எடுத்து முடித்ததும் தபாலில் அனுப்பினால், அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடுகளாகத் திரும்பி வரும்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் காரைக்கால் 1954 நவம்பரில் இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16ல். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களுக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் பிரான்சில். என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். விடுமுறைக்கு வரும்போது பாரீசில் வாங்கிய சுருள்களோடு வருவார், எடுத்ததைத் திரும்பப் போய்க் கழுவக் கொடுப்பார். அடுத்த விடுமுறையில்தான் நாங்கள் எங்கள் முகங்களைப் பார்ப்போம்.

பெரியப்பாவின் ஸ்லைடுப் பெட்டியில் ஒரு படம். பட்டுப்புடவையில் அத்தை விறைப்பாக நிற்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் நீலக் கதவு, சாத்தி வைத்த சைக்கிள், ஒரு கடை வாசலில் தொங்கும் சிவப்புப் பிளாஸ்டிக் குடங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தச் சிவப்பு இன்றைக்கும் ஈரமாக இருக்கிறது. எங்கள் ஊர் மாங்கனித் திருவிழாப் படமொன்றும் உண்டு: மாடியிலிருந்து வீசிய மாம்பழங்கள் மஞ்சள் கோடுகளாக விழுகின்றன. பிலிமின் வேகம் குறைவு, பழத்தை நிறுத்திப் பிடிக்க அதனால் முடியவில்லை. எனக்கு அந்தக் கோடுகள்தான் பிடிக்கும்.

இதே பிலிமைத்தான் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங்கும் கையில் வைத்திருந்தார். 1942ல் ஜெய்ப்பூரில் பிறந்து, பாரீசிலும் வாழ்ந்தவர். எங்கள் பெட்டியில் தோளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்த தெருவை அவர் படத்தின் நடுவுக்கு இழுத்து வந்தார். 1991ல் ஹவுராவில் எடுத்த படத்தில் நடைபாதைக் கண்ணாடிக் கடை ஒன்று; சாத்தி வைத்த கண்ணாடிகளுக்குள் தெருவே துண்டு துண்டாக நிற்கிறது. கலை என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று மேற்கில் பலர் நீண்ட காலம் நம்பினார்கள். வில்லியம் எகிள்ஸ்டனின் சாதாரணத் தெரு, வீட்டு வண்ணப் படங்களை 1976ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மாட்டியபோது விமர்சகர்கள் கொதித்தார்கள். ரகுபீரின் கங்கைப் புத்தகம் அதற்கு முன்பே, 1974ல், வண்ணத்தில் வந்துவிட்டது. புகைப்படக்கலை இந்தியாவில் பிறந்திருந்தால் வண்ணம் ஒரு சிக்கலாகவே இருந்திருக்காது என்பது அவர் வாதம். மாங்கனித் திருவிழா வீதியில் ஒரு முறை நின்றவர்கள் மறுக்க மாட்டார்கள். பின்னாளில் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு புத்தகம் செய்தார். 1999ல் காலமானார்.

பிலிம் அவருக்குப் பிறகு பத்தாண்டு இருந்தது. 2009ல் கோடாக் உற்பத்தியை நிறுத்தியது. கடைசியாகக் கழுவிக்கொண்டிருந்த கான்சாஸ் மாநிலத்து ஆய்வகம் ஒன்று 2010 டிசம்பர் 30ஓடு சுருள் வாங்குவதை நிறுத்தியது. இனி எங்காவது கழுவாத சுருள் கிடைத்தால் பொதுவாகக் கறுப்பு வெள்ளையாகத்தான் கழுவ முடியும்.

கழுவியவை அப்படியில்லை. இருட்டில் வைத்தால் கொடாக்ரோமின் நிறம் பல பத்தாண்டுகள் தாங்கும். எங்கள் கடற்கரை ஈரத்தில் பூஞ்சைதான் எதிரி. காரைக்காலில் இப்படி எத்தனையோ பெட்டிகள் பரண்களில் இருக்கின்றன. ஸ்கேன் செய்யக் கொடுப்பவர்கள் கல்யாணத்தையும் முகங்களையும் பொறுக்கிக்கொண்டு, ஆளில்லாத படங்களைக் கழித்துவிடுகிறார்கள். அந்தக் கழிவில்தான் நம் கடைவீதி இருக்கிறது. அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.