காரைக்குடி டு கம்பம்: திராட்சைப் பந்தலுக்கு நடுவே ஒரு சைக்கிள் ரூட்!

காரைக்குடியில் சைக்கிள் ஓட்டிப் பழகினவங்களுக்கு ஒரு குறை உண்டு. ஏத்தமே கிடையாது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோடு தட்டையாத்தான் ஓடும். காலையில 5.30-க்குக் கிளம்பினா 50 கிலோமீட்டரை முடிச்சுட்டு 8 மணிக்கு இட்லி சாப்பிட வீட்டுக்கு வந்துடலாம். காலும் பழகிடுச்சு, மூச்சும் பழகிடுச்சு, அடுத்து எங்கே போறதுன்னு கேட்கிறவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போங்க. தேனி மாவட்டத்தின் தென்மேற்கு மூலை. ஒரு பக்கம் மேகமலை, எதிர்ப்பக்கம் கேரள எல்லையில் நிற்கும் ஏலமலை. நடுவில் முல்லைப் பெரியாறு ஓடுது. ஆத்தங்கரையில் நெல்லும் தென்னையும் வாழையும். மலையடிவாரத்தை ஒட்டித் திராட்சைத் தோட்டங்கள். ஐரோப்பாவில் லக்ஸம்பர்குக்கும் ஜெர்மனிக்கும் எல்லையா ஓடுற மோசெல் ஆத்தோரம், திராட்சைக்கு நடுவே சைக்கிள் ஓட்டறதுக்குன்னே உலகம் முழுக்க இருந்து ஆளுங்க வர்றாங்க. நமக்கு அந்த மாதிரி ஓர் இடம் 200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கு.

அந்த 200 கிலோமீட்டரையும் ஒரே மூச்சா ஓட்டணுமா? பிரெவே போறவங்களுக்கு 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம் டைம். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தா திருப்பத்தூர், மேலூர், மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியா ஒரே நாளில் கம்பத்தைத் தொடலாம். ஆண்டிபட்டி கணவாய்தான் வழியில் வரும் முதல் சின்ன ஏத்தம். மத்தவங்களுக்கு என் யோசனை: மதுரை வரைக்கும் ஓட்டுங்க, சுமார் 90 கிலோமீட்டர். அங்கிருந்து போடி போற ரயிலில் தேனி. சைக்கிளை எல்லா ரயிலிலும் ஏத்த மாட்டாங்க. லக்கேஜ் வேன் இருக்கிற வண்டி எதுன்னு மதுரை பார்சல் ஆபீஸில் முதல் நாளே கேட்டு வெச்சுக்கோங்க. பஸ்தான் வழின்னா முன் வீலைக் கழட்டி, செயின் பக்கம் மேலே இருக்கிற மாதிரி டிக்கியில் படுக்க வைக்கலாம். அதுவும் கண்டக்டர் மனசு வெச்சாதான்.

கிளம்பும்போது பஞ்சர் கிட்டை மறந்துடாதீங்க. சிவகங்கை மாவட்டத்து ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அந்த முள் 25 எம்எம் டயரைப் பார்த்தா விடாது. 28 எம்எம்முக்குக் கீழே போகாதீங்க. ரெண்டு ட்யூப், ஒரு பம்ப், பேட்ச் கட்டாயம்.

மேலூர் பக்கம் பெரியாறு கால்வாயைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. நீங்க எந்த மலைக்குப் போறீங்களோ, அங்கிருந்து வர்ற தண்ணி அது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகிட்டு இருந்த பெரியாறு. குறுக்கே அணை கட்டி, மலையைக் குடைஞ்சு, தண்ணியைக் கிழக்கே திருப்பினவர் ஜான் பென்னிகுவிக். 1887-ல் ஆரம்பிச்ச வேலை, 1895-ல் முடிஞ்சது. அந்தத் தண்ணி கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, தேனிக்குப் பக்கத்தில் வைகையில் சேர்ந்து, மதுரை தாண்டி சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் வருது. அதாவது இந்த ட்ரிப் முழுக்க நீங்க தண்ணியை எதிர்த்து மேலே ஏறிக்கிட்டு இருக்கீங்க.

தேனியிலிருந்து கம்பம் 40 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை நல்ல ரோடுதான். ஆனா, லாரியும் பஸ்ஸும் காதுக்குப் பக்கத்தில் உரசிக்கிட்டுப் போகும். அதனால வீரபாண்டியில் கௌமாரியம்மனைக் கும்பிட்டுட்டு ஹைவேயை விட்டுடுங்க. உப்புக்கோட்டை, பாலார்பட்டி, குச்சனூர், மார்க்கையன்கோட்டை வழியா சின்னமனூர் போய்ச் சேரலாம். தூரம் கொஞ்சம் கூடும். ஆனா, வழியெல்லாம் வயல். இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் பாசனம். நாத்து நடுற சீஸனில் போனா கண்ணுக்கு எட்டின வரைக்கும் பச்சைதான். பாலார்பட்டிக்காரங்க ஜனவரி 15-ம் தேதி பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறாங்க. அன்னிக்குப் போனா, சாப்பிடாம ஊரைத் தாண்ட விட மாட்டாங்க.

இந்த 40 கிலோமீட்டரில் சுமார் 100 மீட்டர் ஏத்தம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்குக் காத்து நேரா முகத்தில் அடிக்கும். அந்த மாசங்களில் தட்டை ரோட்டிலேயே வேகம் 15-ஐத் தாண்டாது. திரும்பி வரும்போது அதே காத்து தள்ளிக்கிட்டு வரும்கிறதுதான் ஒரே ஆறுதல்.

இப்போ திராட்சைக்கு வருவோம். கம்பத்துக்குக் கிழக்கே இருக்கிற கிராமத்து ரோடுகள்தான் இந்தப் பயணத்தோட உயிர்நாடி. கம்பத்தில் கிளம்பி நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி. அங்கிருந்து காமயகவுண்டன்பட்டி, உள்ளூரில் சுருக்கமா கே.கே.பட்டி. அப்புறம் ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கோகிலாபுரம் வழியா உத்தமபாளையம் வந்து, திரும்பவும் கம்பம். சுருளி அருவி வரைக்கும் எட்டிப் பார்த்துட்டு வந்தாலும் 40 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். பெரிய ஏத்தம் இல்லை. முதல் தடவை வர்றவங்களுக்கு இந்த ஒரு சுத்து போதும்.

வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற மாதிரி இங்கே திராட்சை வரிசை வரிசையா செடியா நிற்காது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதுமேல கொடியைப் படர விட்டிருப்பாங்க. தலைக்கு மேலே இலைக் கூரை, அதுக்குக் கீழே கொத்துக் கொத்தா கருநீலப் பழம். இந்த ரகம் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க்னு பேர். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததா சொல்றாங்க. 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. மத்த ஊர்களில் திராட்சைக்கு ஒரு சீஸன்தான். இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் அறுவடை நடக்கும். கவாத்து பண்ணி நாலு மாசத்தில் பழம் வந்துடும். அதனால எந்த மாசம் போனாலும் எங்கேயாவது பழம் இருக்கும். ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்குன்னே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கு.

பந்தல் நிழலைப் பார்த்ததும் உள்ளே புகுந்து செல்ஃபி எடுக்கத் தோணும். கேட்டுட்டுப் போங்க. பெரும்பாலும் ‘வாங்க தம்பி, வாங்க பாப்பா’ன்னு அவங்களே கூப்பிடுவாங்க. மருந்து அடிச்ச தோட்டம்னா சொல்லிடுவாங்க, அந்தப் பழத்தைத் தொடாதீங்க. மருந்து வாடை ரோடு வரைக்கும் வந்தா நிக்காம தாண்டிப் போயிடுங்க. மூச்சு வாங்க ஓட்டும்போது அதை இழுத்தா தலை சுத்தும். எந்தப் பழமா இருந்தாலும் கழுவாம வாயில் போட வேண்டாம்.

ஆத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. வியர்வையோடு முல்லைப் பெரியாத்தைப் பார்த்தா குதிக்கத் தோணும். நம்ம ஊர் ஊரணி மாதிரி நினைச்சுடாதீங்க. மேலே அணையிலிருந்து விடுற தண்ணியின் அளவு மாறும், இழுப்பு ஜாஸ்தி. உள்ளூர்க்காரங்க குளிக்கிற படித்துறை தவிர வேற எங்கேயும் இறங்காதீங்க. சுருளி அருவியை வெள்ளம், யானை நடமாட்டம்னு வனத்துறை அப்பப்போ மூடும். சுருளிப்பட்டி டீக்கடையில் கேட்டாலே தெரிஞ்சுடும்.

அடுத்தது எல்லை. கம்பத்திலிருந்து கூடலூர் வழியா லோயர் கேம்ப் போங்க. பென்னிகுவிக் மணிமண்டபமும், ராட்சதக் குழாய்களில் பெரியாறு இறங்குற மின் நிலையமும் அங்கேதான். அங்கிருந்து குமுளிக்கு மலைப்பாதை, 7 கிலோமீட்டர் போல. ஏத்தம் சுமார் 400 மீட்டரைத் தாண்டும். காரைக்குடித் தட்டை ரோட்டில் ஓட்டின காலுக்கு இது புது அனுபவம். முன்னாடி சின்னப் பல்சக்கரம், பின்னாடி 28 பல்லோ அதுக்கு மேலேயோ இருந்தா உட்கார்ந்தே ஏறிடலாம். கியர் இல்லாத சைக்கிள்னா லோயர் கேம்ப்போட திரும்பிடுங்க. அதில் வெட்கம் ஒண்ணும் இல்லை.

இந்த மலைப்பாதையில் ஏத்தத்தைவிட முக்கியம் நேரம். கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்களை ஏத்திக்கிட்டு விடியற்காலையில் ஜீப்புகள் மேலே பறக்கும். சாயங்காலம் அதே ஜீப்புகள் கீழே பறக்கும். வளைவில் உங்களைப் பார்த்து ஒதுங்க அவங்களுக்கு இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. ‘சீக்கிரம் கிளம்பு’ங்கிற சைக்கிள் விதி இங்கே செல்லாது. 8.30 மணிக்கு லோயர் கேம்ப்பில் ஏற ஆரம்பிங்க. மதியத்துக்குள் இறங்கிடுங்க. காட்டுப் பாதைங்கிறதால இருட்டினப்புறம் வேண்டவே வேண்டாம்.

இறக்கம்தான் நிஜமான சோதனை. முதல் தடவை நான் தேய்ஞ்ச பிரேக் கட்டையோட இறங்கினேன். மூணாவது வளைவில் ரிம்மில் இரும்பு உரசுற சத்தம். ரெண்டு கையாலயும் முழுசா அமுக்கியும் வண்டி நிக்கல. ஓரத்து மண்ணில் இறக்கி எப்படியோ நிறுத்திட்டேன். மிச்ச தூரம் முழுக்கத் தள்ளிக்கிட்டுதான் வந்தேன். ஐம்பது ரூபாய் சமாசாரத்தில் பண்ணின கஞ்சத்தனம். கிளம்புறதுக்கு முன்னாடி பிரேக் கட்டையை மாத்திடுங்க. இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காம, விட்டு விட்டுப் பிடிங்க. வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைக்கணும், வளைவுக்குள்ள இல்லை.

எந்த மாசம் போகலாம்? மார்ச் பாதிக்கு மேல வெயில் தாங்காது. அக்டோபர், நவம்பர் மழை. குளுமையான கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களோட வண்டிகள் வரிசை கட்டும். வருஷா வருஷம் கம்பம்மெட்டு வழியா ஏறி, குமுளி வழியா இறங்குற மாதிரி ஒருவழிப்பாதை ஆக்குவாங்க. அந்தச் சமயம் திராட்சைச் சுத்தோட நிறுத்திக்கோங்க. மகரஜோதி முடிஞ்சு, தைப் பொங்கலுக்கு அடுத்த வாரத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் மலைக்குச் சரியான காலம். சித்ரா பௌர்ணமி அன்னிக்கு மட்டும் திறக்கிற மங்கலதேவி கண்ணகி கோயிலும் இந்த எல்லை மலையில்தான் இருக்கு. ஆனா, அன்னிக்குக் கூடலூர் பக்கம் சைக்கிளை உருட்டக்கூட இடம் இருக்காது.

குமுளியில் எல்லையைத் தேட வேண்டாம். தமிழ்நாட்டு பஸ் எல்லாம் ஒரு இடத்தில் நின்னுடும். அதிலிருந்து நாலு எட்டு வெச்சா கேரளா. கடை போர்டில் எழுத்து மாறும், டீயோட தொட்டுக்கப் பழம்பொரி வரும்.

திரும்பும்போது வீட்டுக்குத் திராட்சை வாங்கணும்னா இறங்கி வந்து, கடைசியா தேனி கிளம்பும்போது வாங்குங்க. முதுகுப் பையில் மட்டும் போடாதீங்க. நல்லாப் பழுத்த பன்னீர் திராட்சை தேனி வர்றதுக்குள்ளேயே ஜூஸாயிடும். அட்டைப்பெட்டி ஒண்ணு கேட்டு வாங்கி, அடியில் நியூஸ்பேப்பர் விரிச்சு, கேரியரில் கயிறு போட்டுக் கட்டுங்க. ரெண்டு கிலோவுக்கு மேல வேண்டாம்.