குளுனி கன்னியர் மடம், புதுச்சேரி

புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியில், ரோமன் ரோலண்ட் வீதியில் அமைந்துள்ள கத்தோலிக்கக் கன்னியர் மடம். குளுனி புனித சூசையப்பர் சபை அருட்சகோதரிகளுக்கு உரியது. வெளியூர்க்காரர்களுக்கு இதன் பூத்தையல் கூடமே தெரியும். சேலம் பகுதியின் கான்வென்ட் படிப்புக்கும் இந்தச் சபைக்கும் உள்ள தொடர்பைப் பலரும் அறிவதில்லை.

சபையை நிறுவியவர் ஆன் மரி ஜாவுவே (1779–1851). பிரான்சின் பர்கண்டி நாட்டுப்புறத்தில் உழவர் வீட்டில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், தேடப்பட்ட குருக்களை ஒளித்துக் காத்தவர். 1807இல் சபையைத் தொடங்கினார்; பின்னர் குளுனி நகரில் வாங்கிய மடத்தால் சபைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. பிரெஞ்சுக் குடியேற்றங்கள் எங்கும் சகோதரிகளை அனுப்பிய இவர், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் விடுதலை பெற்ற அடிமைகளுடன் தாமே தங்கிப் பணியாற்றினார். 1950இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். சகோதரிகள் புதுச்சேரியில் வந்திறங்கியது 1827இல்.

மடத்தின் பழைய கட்டடம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765க்குப் பிறகே நகரம் மீண்டும் எழுந்தது. ஆகவே இங்குள்ள பழைய பிரெஞ்சு வீடுகள் பெரும்பாலும் அந்த மறுகட்டுமானத்தின் பிள்ளைகள். 1829 முதல் இந்த மாளிகை சகோதரிகளின் பொறுப்பில் இருக்கிறது. தெருவில் நடப்பவருக்கு உயர்ந்த மதிலும் வாயிற்கதவும்தான் தெரியும். உள்ளே போனால் மரநிழல் விழும் முற்றம், அதையடுத்துத் தூண் வரிசை கொண்ட தாழ்வாரம், உயரமான கூரை, காற்று புகும் சாய்சட்டக் கதவுகள். செல்வர் ஒருவர் வாழக் கட்டிய வீடு என்பது பார்த்தவுடன் புரியும். கன்னியர் மடத்துக்கென்று எழுப்பியதல்ல. வீதியின் முந்தைய பெயர் கப்புச்சின் வீதி. கப்புச்சின் துறவிகளின் நினைவு, அருகே 1855இல் கட்டிமுடிக்கப்பட்ட தேவாலயத்தின் 'கப்ஸ் கோயில்' என்ற பேச்சுப்பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பூத்தையல் கூடத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பெண்கள். மேசைவிரிப்பு, கைக்குட்டை, தலையணை உறை, படுக்கைவிரிப்பு ஆகியவற்றில் கையாலேயே பூவேலை செய்கிறார்கள். துணியில் முதலில் வடிவத்தைப் பதித்துக்கொள்வார்கள். பிறகு நூல் ஏறும். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கமும் முடிச்சு துருத்தாமல் இருந்தால்தான் அது நல்ல வேலை. ஒரு பெரிய விரிப்பு முடிய வாரக்கணக்கில் ஆகும். விலை கூடுதல் என்று முகம் சுளிப்பவர் சற்று நேரம் அங்கே நின்று பார்க்கலாம்.

பிரெஞ்சு ஆட்சியின் தேவைக்காக வந்த சபை இது. அதன் தொடக்ககாலப் பள்ளிப்பணியில் ஐரோப்பியர், கலப்பினத்தவர் வீட்டுப் பெண்களுக்கே முதலிடம். தமிழ்ப் பெண்களின் படிப்புக்கு வேறொரு முயற்சி தேவைப்பட்டது. 1844இல் புதுச்சேரியில் கூடிய திருச்சபை மாமன்றம் பெண்கல்வியை வலியுறுத்தியது; அதே ஆண்டில் பாரிஸ் மிஷன் குரு லூயி சவினியன் துய்ப்புய், தமிழ்ப் பெண்களைக் கொண்டே மரியாவின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். பெண்பிள்ளை எழுத்துப் படிப்பதே இழிவென்று கருதப்பட்ட காலத்தில் இது துணிச்சலான காரியம். குளுனி மடத்தின் வரலாற்றை இதையும் சேர்த்துப் படிப்பதே நியாயம்.

சேலம் சீமை அப்போது புதுச்சேரி மறைத்தளத்தோடு இணைந்திருந்தது. அந்த வழியில்தான் குளுனி சகோதரிகள் சேர்வராயன் மலைக்கும் வந்தனர். காபித் தோட்டங்கள் பெருகியிருந்த ஏற்காட்டில் 1894இல் திரு இருதயக் கான்வென்ட் பள்ளி தொடங்கியது; ஆண்பிள்ளைகளுக்கான மான்ட்போர்ட் பள்ளி வந்தது 1917இல்தான். சேலம் நகரிலும் குளுனி பெயரில் பள்ளி நடைபெறுகிறது. 1930 மே 26 அன்று சேலம் தனி மறைமாவட்டம் ஆனது. இன்றைய சேலம், நாமக்கல் மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வருகின்றன.